அறுநூறு குழிக்கும் வாய் எந்தப் பக்கம்?

"நிறுத்துங்க! எல்லாரும் மண்வெட்டியைக் கீழே போடுங்க!"

இன்ஜினியர் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு கையில் சுருட்டிய வரைபடம். மறு கையில் அறுந்துபோன செருப்பு. காலில் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பு சூடான மண்ணில் பட் பட்டென்று அடிக்க, காய்ந்த முள்செடிகளைத் தாண்டித் தாண்டி வந்தான்.

கடைசிக் குழியை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தார்கள்.

"என்ன மாப்ளே, பாம்பா?" என்றார் மேஸ்திரி. அறுபது ஆட்களுக்கு மேஸ்திரி. அதைவிடப் பெரிய பதவி, இன்ஜினியருக்கு மாமனார்.

"பாம்பா இருந்தா அடிச்சிடலாமே மாமா. குழி! குழியெல்லாம் தப்பு!"

மாமனார் திரும்பிப் பார்த்தார். தரிசு நிலம் முழுக்க அரைநிலா அரைநிலாவாகக் குழிகள், வரிசை பிசகாமல், அறுநூறு. அழகாகத்தான் இருந்தன.

"எது தப்பு?"

"வாய்!"

"யார் வாய்?"

"குழியோட வாய் மாமா!"

அரைநிலாக் குழி என்பது எளிமையான சமாச்சாரம். ஆள் கை காலை நீட்டிப் படுக்கும் அகலத்துக்கு ஒரு பள்ளம். வெட்டிய மண்ணை ஒரு பக்கம் வளைத்துக் கரை கட்டிவிட வேண்டும். கரை இல்லாத மறுபக்கம்தான் வாய். வாய் மேட்டைப் பார்த்து இருந்தால், மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் நேராக உள்ளே நுழைந்து கரையில் முட்டி நின்றுவிடும். நின்றால் மண் ஈரமாகும். ஈரமானால் புல் முளைக்கும். வாய் பள்ளத்தைப் பார்த்து இருந்தாலோ, வருகிற தண்ணீர் கரையின் முதுகில் இடித்து, சுற்றிக்கொண்டு போயே போய்விடும்.

"வாய் மேல பார்த்து இருக்கணும்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா!"

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். வானத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பிறகு குரலைச் செருமிக்கொண்டார்.

"மேலதானே பாக்குது?"

"எங்க பாக்குது?"

"மேலன்னா மேற்கு. மேலக்காடுன்னா மேற்கால இருக்கற காடு. கீழக்காடுன்னா கிழக்கால இருக்கற காடு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதுதான்."

"அப்போ உயரமா இருக்கற இடத்துக்கு என்ன சொல்வீங்க?"

"மேடுன்னு சொல்வோம். மேடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேட்டைப் பார்த்து வெட்டிட்டுப் போறோம். எங்களுக்கென்ன, மேட்டோட சண்டையா?"

அறுபது தலைகள் ஒன்றாக ஆடின. இன்ஜினியர் வரைபடத்தை விரித்தான். நிலத்தின் நடுவில் கறுப்பாக ஓர் அம்புக்குறி, கிழக்கே பார்த்து. கிழக்கே தூரத்தில் மலைவரிசை வேறு நீலமாக நின்றது. மேடு கிழக்கே. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நிலத்தில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. நூறு அடி நடந்தால் ஒரு சாண் ஏறுகிற சரிவு அது. தலைமை அலுவலகத்தில் இரண்டு வாரம் பயிற்சி என்று அவனை உட்கார வைத்திருந்த நேரத்தில் அறுநூறு வாயும் மேற்கே திறந்துவிட்டன.

"மழை எப்போ?" என்றார் மாமனார், மெதுவாக.

"வியாழக்கிழமை சாயங்காலம்னு வானிலைக்காரங்க சொல்றாங்க."

அன்று திங்கட்கிழமை.

இந்த இடத்தில் ஒப்பந்தத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த நிலத்தில் ஆண்டாண்டு காலமாக மேய்ந்துகொண்டிருந்தவை ஆடுகள். அவற்றை மூன்று வருஷம் வேலிக்கு வெளியே நிறுத்த, ஆடு வளர்ப்போர் சங்கத் தலைவியிடம் இன்ஜினியர் ஆறு மாதம் நடையாய் நடந்திருந்தான். தலைவி இறங்கிவந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். 'முதல் மழையில் பாதிக்கு மேற்பட்ட குழிகளில் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால் மூன்று வருஷம் ஆடு உள்ளே வராது, புல்லை அறுத்து எடுத்துக்கொள்வோம். நிற்காவிட்டால் அன்றைக்கே கேட் திறக்கப்படும்.' இரண்டு பக்கமும் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து வேறு.

கேட் திறந்தால் நானூறு ஆடு. நானூறு ஆடு நுழைந்தால் ஒரு வாரத்தில் குழியும் இருக்காது, கரையும் இருக்காது. அவனுடைய ஆறு மாதமும் இருக்காது.

"திருப்பிடலாம் மாமா. கரையை வெட்டி மறுபக்கம் போடணும். அறுபது ஆள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு குழி. மூணு காலையில முடிஞ்சிடும்."

மாமனார் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் மாமனாரைப் பார்த்தார்கள்.

"சரி மாப்ளே."

அவ்வளவுதான். எதிர்ப்பேச்சு இல்லை. கல்யாணமான நான்கு வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்த முதல் 'சரி'. இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னொண்ணு மாப்ளே. வீட்ல தெரியக் கூடாது."

"சத்தியமா தெரியக் கூடாது."

வீட்டில் என்றால் இன்ஜினியரின் மனைவி. மாமனாரின் ஒரே மகள். இதே திட்டத்தின் வரைபடப் பிரிவில் வேலை. 'எங்கப்பா வெட்டினா ஒரு குழி தப்பாது' என்று மேலதிகாரியிடம் மார்தட்டி மேஸ்திரி வேலையை வாங்கிக்கொடுத்தவள் அவள்தான்.

*

அன்று ராத்திரிச் சாப்பாடு.

வழக்கமாக அந்த மேஜையில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. "உங்கப்பாகிட்ட ஃபேனைக் கொறைக்கச் சொல்லு" என்பான் அவன். "உன் புருஷன்கிட்ட வெயில்காலம்னு ஒண்ணு இருக்கறதைச் சொல்லு" என்பார் அவர். நடுவில் அவள் தபால்பெட்டி.

அன்றைக்கு:

"மாமா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

"நீங்க போட்டுக்கோங்க மாப்ளே. ஓடியாடற உடம்பு."

"ஃபேனை வேணா கூட்டி வைக்கட்டுமா மாமா?"

"உங்களுக்கு எது வசதியோ."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து வந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். புருஷன் நெற்றியிலும் வைத்தாள்.

"காய்ச்சல் இல்ல. அப்போ என்னத்த ஒளிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லையே!" என்றார்கள் இருவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில்.

"குழி எப்படி வந்திருக்கு?"

"சூப்பர்."

"வாயைத் திற."

இன்ஜினியருக்குப் புரையேறியது. "எந்த... எந்த வாய்?"

"உன் வாய்தான். உள்ள என்ன பொய்யை அடக்கி வெச்சிருக்கேன்னு பாக்கணும்."

மாமனார் தண்ணீர் டம்ளரை மருமகன் பக்கம் நகர்த்தினார். அவர் கையாலேயே. அவள் அதையும் பார்த்துக்கொண்டாள். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய மூன்று வரைபடங்கள் அதே மேஜையின் மறுகோடியில் அவளுக்காகக் காத்திருந்தன. இரண்டு ஆண்களும் அந்தக் கோடிப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் கை கழுவப் போனார்கள்.

*

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி முதல் பதினோரு மணிவரை வேலை. அதற்கு மேல் அந்த வெயிலில் மண்வெட்டியைத் தொட்டால் கை கொப்பளிக்கும்.

இன்ஜினியர் கணக்குப்படி இருநூற்று நாற்பது குழி திரும்பியிருக்க வேண்டும். திரும்பியது எழுபத்தெட்டு.

"என்ன மாமா இது? புதுக்குழியே வேகமா வெட்டினாங்களே?"

"வெட்டறது வேற, திருப்பறது வேற மாப்ளே. புதுசா சட்டை தைக்கறது சுலபம். தெச்சதைப் பிரிச்சுத் தைக்கறதுதான் கஷ்டம்."

கேட் பக்கம் மணிச்சத்தம் கேட்டது. தலைவி வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது, தோளில் குறுக்கே ஒரு நீளக் கம்பு, பின்னால் வேலியில் மூக்கை நுழைத்துக்கொண்டு ஒரு மந்தை.

"என்ன இன்ஜினியர் தம்பி, குழியெல்லாம் புரண்டு படுக்குது? ஒரே பக்கமா படுத்து உடம்பு வலிக்குதாமா?"

"அது... பராமரிப்பு வேலைம்மா."

"மழையே பெய்யலை, அதுக்குள்ள பராமரிப்பா? பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பல்லு வெளக்கி விடறீங்க."

ஆட்கள் சிரித்தார்கள். மாமனார் ஒரு முறை முறைத்தார், சிரிப்பு நின்றது. தலைவி நிற்கவில்லை. திருப்பிய குழிகளுக்கு நடுவில் நடந்தார். திருப்பாத குழிகளைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"எல்லாத்தையுமா திருப்பப் போறீங்க?"

"ஆமா."

"இந்தப் பக்கம் பார்த்தா?"

"ஆமாம்மா. ஏன்?"

"நல்ல காரியம் தம்பி. திருப்புங்க. ஒண்ணு விடாம திருப்புங்க." முதுகில் தட்டிக்கொடுத்தார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

ஆறு மாதத்தில் தலைவி அவனைத் திட்டாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரத்தில் ஒரு வண்டியில் இரண்டு பீப்பாய் குடிதண்ணீர் வந்து இறங்கியது. ஆட்களுக்காம். சங்கத்தின் அன்பளிப்பாம்.

"இவங்களைப் போயி எதிரின்னு நெனைச்சேனே மாமா," என்றான் இன்ஜினியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

மாமனார் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார். தண்ணீரில் குறையில்லை.

புதன்கிழமையும் அதே கதைதான். இரண்டு நாளும் சேர்த்து நூற்று அறுபத்தொன்று. ஆட்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார்கள். இன்ஜினியர் கெஞ்சினான், கைதட்டினான், கடைசியில் தானே ஒரு மண்வெட்டியை எடுத்து நான்கு வெட்டு வெட்டி, ஐந்தாவதைத் தன் செருப்பில் வெட்டிக்கொண்டான். புதுச் செருப்பு.

தலைவி மறுபடி வந்தார். எண்ணிக்கையைக் கேட்டதும் அவர் முகத்தில்தான் அதிகக் கவலை.

"என்ன தம்பி, பாதிகூட ஆகலையே! நாளைக்கு மழையாச்சே! என் ஆளுங்க இருபது பேரை அனுப்பறேன். சும்மாவே செய்வாங்க."

இன்ஜினியர் கைகூப்பினான். ஆனால் மாமனார் குறுக்கே வந்து நின்றார்.

"வேணாம்மா. எங்க குழியில வெளியாள் மண்வெட்டி விழக் கூடாது."

"மாமா!"

"மேஸ்திரி நானா, நீங்களா மாப்ளே?"

"பெரியவரே, பிடிவாதம் பிடிக்காதீங்க," என்றார் தலைவி. "ஒரு நூத்தம்பது குழி. ஒரு நூத்தம்பது திருப்பிட்டாப் போதும்!"

"அது என்ன கணக்கு, நூத்தம்பது?" என்றான் இன்ஜினியர்.

தலைவி சட்டென்று கம்பைத் தோள் மாற்றினார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தம்பி," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ஆடுகளைக்கூட மறந்துவிட்டு, பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார்.

*

வியாழக்கிழமை. காலை ஒன்பதே கால்.

இருநூற்று நாற்பத்தோராவது குழியின் கரையை மாற்றிக் கட்டியபோது மண்மேல் நிழல் விழுந்தது.

இன்ஜினியர் நிமிர்ந்தான். மேகம். சாயங்காலம் வர வேண்டியது. வானிலைக்காரர்களுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தது.

பதினான்கு மாதமாக அந்த நிலத்தில் ஒரு சொட்டு விழவில்லை. சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேரும் முகத்தை மேலே தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் இரண்டு கையையும் ஆட்டி மேகத்தை விரட்டிக்கொண்டிருந்தான்.

"போ! சாயங்காலம் வா! சாயங்காலம்னுதானே சொன்னாங்க!"

முதல் துளி அவன் கண்ணாடியிலேயே விழுந்தது.

எல்லோரும் தகர அறைக்கு ஓடினார்கள். கண்டெய்னர் பெட்டியில் ஜன்னல் வெட்டிச் செய்த அலுவலகம். இரண்டு மேஜை, ஓடாத ஃபேன், சுவரில் வரைபடம். அறுபது பேரும் ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்து நின்றார்கள். கூரையில் மழை கொட்டுமேளம் அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, சொட்டச் சொட்ட, தலைவி நுழைந்தார். அவருக்குப் பின்னால் புல்விதை மூட்டையோடு வந்த ஜீப்பிலிருந்து இறங்கி, தலையில் கோப்பைக் கவிழ்த்துக்கொண்டு, இன்ஜினியரின் மனைவி.

"நீ எங்க இங்க?"

"நான் வரைஞ்ச நிலத்துல முதல் மழை. பாக்க வேணாமா?"

மாமனாரும் மருமகனும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிய முயன்றார்கள். இடம் இல்லை.

நாற்பது நிமிஷம் அடித்துவிட்டு மழை நின்றது.

"வாங்க தம்பி, போய் எண்ணலாம்," என்றார் தலைவி. அன்றைய எண்ணிக்கை இன்னும் தெரியாததால் உற்சாகமாகத்தான் சொன்னார். "பாதிக்கு மேல. முந்நூத்தி ஒண்ணாவது நிக்கணும். நான் ஆடு எண்ணற மாதிரி ரெண்டு ரெண்டா எண்ணுவேன், பிசகாது."

இன்ஜினியர் தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி வெளியே வந்தான்.

முதல் வரிசை. மூன்று நாளாகப் பாடுபட்டுத் திருப்பிய குழிகள். அவற்றில் தண்ணீர் இல்லை. ஈரம் இருந்தது. செம்மண் கலங்கலாக ஓடிவந்த தண்ணீர் கரையின் முதுகில் முட்டி, இரண்டு பக்கமும் பிரிந்து, கிழக்கே பார்த்து ஓடிப்போயிருந்த தடம் தெரிந்தது.

கிழக்கே.

"தண்ணி ஏன் மேட்டுக்கு ஓடுது?" என்றான் இன்ஜினியர்.

எல்லோரும் அடுத்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பாத குழிகள். நேரமில்லாமல் விட்ட, 'தப்பான' குழிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வானத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட மாதிரி வரிசை வரிசையாக மின்னியது.

தலைவியின் சிரிப்பு மறைந்தது. ஆனாலும் சொன்ன சொல் தவறாதவர். கம்பை நீட்டி எண்ண ஆரம்பித்தார். "ரெண்டு, நாலு, ஆறு..." குரல் போகப் போக இறங்கிக்கொண்டே வந்தது. கரை உடைந்த ஏழு குழிகளை நியாயமாகக் கழித்தார். கடைசி வரிசையில் நின்று, கம்பை மண்ணில் ஊன்றினார்.

"முந்நூத்தி அம்பத்திரண்டு."

அறுபது பேரும் போட்ட கூச்சலில் வேலிக்கு வெளியே நானூறு ஆடும் மிரண்டு ஓடின.

"ஆனா எப்படி?" இன்ஜினியர் வரைபடத்தை உதறி விரித்தான். "அம்புக்குறி கிழக்கே காட்டுதே! மேடு கிழக்கேதானே?"

அவன் மனைவி வரைபடத்தைப் பார்த்தாள். குழிகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மூன்று நாள் மரியாதையின் ரகசியம் அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது.

"அம்புக்குறி தண்ணி ஓடற திசை. மேடு இருக்கற திசை இல்ல. வரைஞ்சது நான். கட்டின பொண்டாட்டி, ஒரே மேஜையில சோறு போடறேன். ஒரு வார்த்தை கேட்டியா?"

"மலை கிழக்க இருக்கேன்னு..."

"மலை அங்க இருக்கு. நடுவுல ஓடை இருக்கு. நிலம் ஓடையைப் பார்த்து இறங்குது."

"ஆட்டுக்குக்கூடத் தெரியும்," என்றார் தலைவி, யாரிடமும் இல்லாமல்.

இன்ஜினியர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா?"

"இருபது வருஷமா மேய்க்கறேன், தெரியாதா? சரியா இருக்கற குழியை நீங்களே மெனக்கெட்டுத் தப்பாக்கறீங்க. நான் எதுக்குத் தடுக்கணும்? தண்ணிகூட அனுப்பினேன்." பெருமூச்சு விட்டார். "இன்னும் அறுபது குழி திரும்பியிருந்தா இன்னிக்குக் கேட் திறந்திருக்கும். அந்தப் பெரியவர் மட்டும் என் ஆளுங்களை உள்ள விட்டிருந்தா..."

எல்லோர் கண்ணும் மாமனார் மேல் விழுந்தது.

அறுநூறையும் சரியாக வெட்டியவர். தப்பாகத் திருப்பச் சொன்னபோது மெதுவாகத் திருப்பியவர். எதிரியின் இருபது ஆளை வாசலிலேயே நிறுத்தியவர். ஆட்கள் அவரை அப்படியே தோளில் தூக்கினார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க பெரியவரே?" என்றார் தலைவி, மெய்யான மரியாதையோடு. "கண்ணுக்குத் தெரியாத சரிவாச்சே."

மாமனார் தோள்மேல் இருந்தபடி மீசையைத் தடவினார். "எல்லாம் அனுபவம்தாம்மா."

"எங்கப்பாவுக்கு மண்ணைப் பார்த்தாலே போதும்," என்றாள் மகள்.

தலைவி கேட் சாவியை இன்ஜினியர் கையில் வைத்தார். "மூணு வருஷம். ஆனா புல்லு அறுக்கற அன்னிக்கு முதல் கட்டு எனக்கு." ஆடுகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஆட்கள் புல்விதை மூட்டைகளை இறக்கப் போனார்கள். திருப்பியதைத் திரும்பத் திருப்ப வேண்டிய வேலை வேறு இருந்தது. மகள் ஜீப்பில் இருந்தபடி மேலதிகாரிக்குப் போன் போட்டு, அப்பாவைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள்.

தகர அறைக்குப் பின்னால் மாமனாரும் மருமகனும் மட்டும்.

"மாமா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. மேடு மேற்கேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்குத் திருப்பறதுக்குச் சரின்னீங்க? மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னா?"

மாமனார் ஜீப் பக்கம் எட்டிப் பார்த்தார். மகளுக்குக் கேட்காது என்று உறுதியான பிறகு குனிந்தார்.

"வீட்ல சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"நீங்க போன்ல சொன்னது ஒரு எழுத்துகூட எனக்குக் கேக்கலை மாப்ளே. சிக்னல் கெடையாது. கொர்ர்னு ஒரு சத்தம். நானும் சரி சரின்னு சொல்லி வெச்சுட்டேன்."

"என்ன சொல்றீங்க? மேலன்னா மேற்குன்னு..."

"மேலங்கற வார்த்தையே திங்கட்கிழமை நீங்க ஓடி வந்து கத்தினப்போதான் என் காதுல விழுந்தது. சட்டுனு கெடைச்சதைப் பிடிச்சுக்கிட்டேன்."

இன்ஜினியர் பக்கத்திலிருந்த பீப்பாயைப் பிடித்துக்கொண்டான். "அப்போ அறுநூறு குழியையும் எதை வெச்சு மேற்கே பார்த்து வெட்டினீங்க?"

"மண்வெட்டியை எப்படிப் போடறோம்? கரை பக்கம் நின்னு, மண்ணை நம்ம பக்கம் இழுக்கறோம். காலையில ஆறு மணி வேலை. கெழக்கப் பார்த்து நின்னா மூஞ்சிக்கு நேரா சூரியன். கண்ணு கூசுது மாப்ளே. அதான் எல்லாரையும் திருப்பி நிறுத்திட்டேன்."